தடயம் வைக்காத கோளாறு

தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே எழுத்து நின்றுவிடுகிறது. மவுஸை எவ்வளவு நகர்த்தினாலும் அம்பு அசைவதில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதில் ஒரு நொடிக்கும் குறைவான துண்டு மட்டும் திரும்பத் திரும்ப அதிர்கிறது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டால் கணினி எதுவுமே நடக்காததுபோல் எழுந்து வருகிறது. மூன்று நாள் ஒழுங்காக ஓடும். நான்காம் நாள் மறுபடி ஹேங்.

கடைக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் வைத்தியம் ஃபார்மட். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவித் தருவார்கள். கோளாறு டிரைவரிலோ வைரஸிலோ இருந்தால் இது பலிக்கும். வன்பொருளில் இருந்தால் பலிக்காது என்பது மட்டுமில்லை, கேடும் செய்யும். பழுதான ரேமை வைத்துக்கொண்டு நிறுவினால் புதிய விண்டோஸின் கோப்புகளே தவறாகப் பதிவாகலாம். குடும்பப் புகைப்படங்களையும் கணக்குவழக்குகளையும் இப்படிக் காரணமில்லாமல் இழந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஃபார்மட் செய்யும் முன் கோளாறு எங்கே என்று தேடுவது நியாயம். தேட முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மென்பொருள் தவறினால் பெரும்பாலும் ஏதாவது சொல்லிவிட்டுப் போகும். ஒரு செயலி மட்டும் மூடிக்கொள்ளும். அல்லது நீலத்திரை வந்து பிழைக் குறியீட்டைக் காட்டும். முழுதாக உறைந்த கணினியில் அதற்கு வழியில்லை. குறிப்பு எழுத வேண்டிய பிராசஸரே கட்டளைகளை நிறைவேற்றுவதை நிறுத்திவிட்டது. அதனால்தான் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் பல நேரங்களில் ‘கர்னல்-பவர் 41’ என்ற ஒரே ஒரு வரி இருக்கிறது. அதை நோயின் பெயர் என்று நினைத்து இணையத்தில் தேடி அலைகிறவர்கள் ஏராளம். ‘போன முறை முறையாக அணைக்கப்படவில்லை’ என்று, அடுத்த முறை எழுந்த பிறகு விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. நீங்கள் பொத்தானை அழுத்திப் பிடித்ததைத்தான் அது சொல்கிறது. அதே இடத்தில் ‘டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர்’ என்ற பெயரில் வரிகள் இருந்தால் அவற்றைக் கவனியுங்கள். பிராசஸரும் நினைவகமும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளும் தாமே கண்டுபிடித்துச் சொன்ன பிழைகள் அவை. உறைவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் ‘திருத்தப்பட்ட பிழை’ என்று வரிசையாக வந்திருந்தால், அதுவே முதல் துப்பு.

பிராசஸர் ஏன் நிற்க வேண்டும்? ஒரு காரணம், வராத பதிலுக்காகக் காத்திருப்பது. கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, நெட்வொர்க் சிப் ஆகியவை பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகப் பிராசஸரோடு பேசுகின்றன. ஒரு சாதனத்திலிருந்து ஒரு மதிப்பைப் படிக்கும்படி கட்டளை வந்தால், பதில் கிடைத்த பிறகுதான் அதை நிறைவேற்றும் பிராசஸர் கோர் மேலே நகர முடியும். மின்னழுத்தம் குறைந்ததாலோ இணைப்பு தளர்ந்ததாலோ சாதனம் வாய்மூடிவிட்டால், கோர் அங்கேயே நின்றுவிடலாம். மற்ற கோர்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நின்ற கோர் இயங்குதளத்தின் ஒரு முக்கியப் பூட்டைக் கையில் வைத்திருந்தால், மற்றவையும் அந்தப் பூட்டுக்காக ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இன்னொரு காரணம், நினைவகத்தில் ஒரு பிட் புரள்வது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று இயங்குதளம் குறித்துவைத்த முகவரியில் ஒரு 0 மட்டும் 1 ஆனால் போதும். அது சம்பந்தமே இல்லாத இடத்துக்குத் தாவும். முடிவில்லாத சுற்றில் மாட்டிக்கொள்ளும்.

பாட்டு ஒரே இடத்தில் அதிர்வதற்கான விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. ஒலிச் சிப், பிராசஸரின் உதவி இல்லாமல் ரேமில் ஒரு சிறு பகுதியிலிருந்து ஒலியைத் தானே எடுத்து, அதன் கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தப் பகுதியில் புதிய ஒலியை நிரப்பிக்கொண்டே இருப்பது பிராசஸரின் வேலை. நிரப்புவது நின்றுபோனால் பழைய துண்டே சுற்றிச் சுற்றி வரும். காதுக்கு நாராசமானாலும் அது நல்ல தகவல்: மின்சாரம் இருக்கிறது, ஒலிச் சிப்பும் அது படிக்கும் பாதையும் இயங்குகின்றன, நின்றது பிராசஸர்.

எனவே உறைந்ததும் பொத்தானுக்குக் கை போகும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? மாறினால் இயங்குதளத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது; திரைக்குப் பின்னால் கிராஃபிக்ஸ் பக்கம் சந்தேகப்படலாம். அம்பு நகர்கிறது, எதைத் திறந்தாலும் திறக்கவில்லை, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து எல்லாம் ஒன்றாகத் திறக்கிறது என்றால் வட்டைப் பாருங்கள். பதில் தராத வட்டுக்காக லினக்ஸ் வழக்கமாக 30 நொடியும் விண்டோஸ் 60 நொடியும் காத்திருந்துவிட்டு அதை மீட்டமைக்கும். அந்தத் தாமதம்தான் நீங்கள் காண்பது. திரை சற்றே கறுத்துத் திரும்பினால், கிராஃபிக்ஸ் சிப் 2 நொடிக்கு மேல் பதில் தராததால் விண்டோஸ் அதை மீண்டும் தொடக்கியிருக்கிறது.

எப்படி உறைகிறது என்பதைவிட எப்போது உறைகிறது என்பது பெரிய துப்பு. முறைக்காய்ச்சல் கண்டவரிடம் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி, ஒருநாள் விட்டு ஒருநாளா, எந்நேரத்தில் குளிர் எடுக்கிறது என்பதுதான். கணினிக்கும் அப்படி ஒரு குறிப்பேடு வேண்டும். தேதி, நேரம், போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, என்ன ஓடிக்கொண்டிருந்தது, அறை எவ்வளவு வெக்கை, அப்போதுதான் ஃபிரிட்ஜோ மோட்டாரோ ஓடத் தொடங்கியதா. நான்கைந்து பதிவுகள் சேர்ந்ததும் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும்.

அந்த வடிவம் சில நேரம் நம் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருக்கும். கனமான வேலையின்போது கணினி திணறும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். 2017-இல் ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் பிராசஸர்கள் வந்தபோது, லினக்ஸ் பயன்படுத்திய பலருக்குக் கணினி சும்மா இருக்கும்போதுதான் உறைந்தது. வேலை இல்லாதபோது பிராசஸர் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போகும். அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் மிகவும் குறையும். அவ்வளவு குறைந்த சுமையில் மின்னழுத்தத்தை நிலையாகத் தாங்கும்படி கணினிக்கு மின்சாரம் தரும் எல்லா எஸ்எம்பிஎஸ்களும் வடிவமைக்கப்பட்டவை அல்ல. பின்னர் மதர்போர்டு நிறுவனங்கள் பயாஸில் ஒரு தெரிவைச் சேர்த்தன. ‘வழக்கமான மின்னோட்டம்’ என்று மாற்றினால் பிராசஸர் அந்த ஆழத்துக்குப் போகாது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்து, காலையில் வந்து பார்த்தால் உறைந்து கிடக்கும் கணினிகளுக்கு இன்றும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

கடிகாரம் பார்த்து உறைந்த கருவியும் உண்டு. குரூஷியல் நிறுவனத்தின் எம்4 எஸ்எஸ்டி, மொத்தம் 5184 மணி நேரம் ஓடி முடித்ததும் பதில் சொல்வதை நிறுத்தியது. மறுபடி போட்டால் ஓடும். சுமார் ஒரு மணி நேரத்தில் மீண்டும் நிற்கும். 5184 மணி என்பது அணைக்காமல் ஓடினால் 216 நாள். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபர்ம்வேரின் கணக்குப் பிழை அது. 2012 ஜனவரியில் வெளியான புதிய ஃபர்ம்வேர் சரிசெய்தது. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என்பதை எழுதிவைத்தவருக்கு அது தற்செயல் இல்லை என்பது உடனே தெரிந்திருக்கும். எழுதிவைக்காதவர் ரேம், எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைத்திருப்பார்.

இனி ரேம். 16 ஜிபி ரேமில் ஏறத்தாழ 13,700 கோடி நினைவுக் கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு நுண்மின்தேக்கி. அதிலுள்ள மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுத வேண்டும். சிப்பின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரு மடங்கு வேகத்தில் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாகக் கசிந்தால் போதும், தடயமில்லாத ஒரு கோளாறு பிறந்துவிடும். அந்தக் கூற்றில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். புகைப்படத்தின் ஒரு புள்ளி என்றால் நிறம் சற்றே மாறும், யாருக்கும் தெரியாது. இயங்குதளத்தின் முகவரி என்றால் கணினியே நின்றுவிடும். ஒரே பழுது வாரம் ஒருவிதமாக வெளிப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பிட் புரள்வதற்கு வெளிக்காரணங்களும் உண்டு. 1978-இல் இன்டெலின் டிமத்தி மே, மர்ரி வுட்ஸ் இருவரும் நினைவகச் சிப்களில் வந்த விளக்கமற்ற பிழைகளைத் துருவிப் போய், சிப்பை மூடியிருந்த உறைப்பொருளில் கலந்திருந்த யுரேனிய, தோரியச் சுவடுகளைக் கண்டுபிடித்தார்கள். அவை உமிழ்ந்த ஆல்ஃபா துகள்கள் மின்னேற்றத்தைக் கலைத்துக்கொண்டிருந்தன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களாலும் இது நிகழ முடியும். இந்தக் கதைகளின் கவர்ச்சியால், காரணம் தெரியாத பிழை என்றாலே காஸ்மிக் கதிர் என்று சொல்லிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. வீட்டுக் கணினி அடிக்கடி உறைவதற்கு அது விடையாக இருப்பது அரிது. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு கணினிகள் குறைந்தது ஒரு நினைவகப் பிழையையாவது சந்தித்தன. வானத்திலிருந்து வந்த தற்செயல் என்றால் பிழைகள் எல்லா ரேம்களிலும் பரவியிருக்க வேண்டும். அவை ஆண்டுக்குச் சுமார் 8 விழுக்காடு ரேம்களில் குவிந்திருந்தன. ஒருமுறை பிழைத்ததே மறுபடி மறுபடி பிழைத்தது. ஆக, பெரும்பாலும் ரேமே பழுது. அந்த ஆய்வில் வெப்பத்தின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருந்ததும் கவனிக்கத்தக்கது.

அந்தப் பிழைகளைக் கூகுளால் எண்ண முடிந்ததற்குக் காரணம் அதன் சர்வர்களில் இருந்தது இசிசி ரேம். பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் ஓடவிட்ட கணக்குகளைப் பிழை கண்டதும் இயந்திரம் கைவிட்டுவிடுவதில் சலித்துப்போய், 1950-இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீடுதான் அதன் மூதாதை. கூடுதல் பிட்களைச் சேர்த்துவைத்து, புரண்ட ஒற்றைப் பிட்டைத் திருத்தி, குறித்தும் வைக்கும். நம் வீட்டுக் கணினிகளில் இருப்பது பெரும்பாலும் சாதாரண ரேம். அது தன் தவறைத் தானே அறியாது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2022 அக்டோபரில் தம் கணினியில் வந்த விசித்திரப் பிழைகளுக்கு முதலில் மென்பொருளைச் சந்தேகித்தார். கடைசியில் இசிசி இல்லாத ஒரு ரேம் பழுதாகியிருந்தது. அவருக்கே அப்படி என்றால், நாம் ரேமைக் கடைசியில் சந்தேகிப்பதில் வியப்பில்லை. இசிசி எல்லோருக்கும் எட்டும் விலையில் கிடைக்காததைப் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ போன்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை ஒதுக்கிவிடக் கூடாது. பிழையே வராவிட்டால் ரேம் நல்லது என்ற முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. கிராஃபிக்ஸ் கார்டும் வட்டும் சேர்ந்து இயங்கும்போதுள்ள மின்சுமையும் வெப்பமும் அந்தச் சோதனையில் இருப்பதில்லை. பயாஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி இயக்கப்பட்டிருந்தால் முதலில் அதை அணையுங்கள். ரேமின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய வேக எண் பெரும்பாலும் இந்த வழியில் எட்டும் வேகம். பிராசஸரும் மதர்போர்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ரேமைக் கழற்றி, பொன்பூசிய விளிம்பை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது நம் ஊர்க் கடைகளில் கைவந்த முறை. பல சமயம் அது பலிக்கிறது. கழற்றி மாட்டும்போது தொடுமுனைகள் ஒன்றையொன்று உரசித் துடைத்துக்கொள்வதே பலன் தருவதில் பாதி என்பது என் எண்ணம். ரப்பரை மென்மையாகப் பயன்படுத்தி, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுவது நல்லது.

ரேமுக்கு அடுத்து எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட் இணைப்பு 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது வழக்கமான தரவரையறை. மல்டிமீட்டரில் 12.1 காட்டினாலும் நிம்மதியடைய முடியாது. கிராஃபிக்ஸ் கார்டு திடீரென மின்னோட்டத்தை இழுக்கும் ஒரு மில்லிநொடியில் அழுத்தம் சரிந்து மீண்டிருக்கலாம்; மீட்டர் காட்டுவது சராசரியை. அந்தச் சரிவுகளை நிரவிக்கொடுக்கும் மின்தேக்கிகளுக்குள் திரவ மின்பகுபொருள் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் மதர்போர்டுகளில் உப்பி வெடித்தன. டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 கணினிகள் அதில் பேர்போனவை. பெட்டியைத் திறந்து பலகையைப் பார்க்கும்போது, தலை தட்டையாக இல்லாமல் புடைத்திருக்கும் உருளை ஒன்று கண்ணில் பட்டால் தேடல் முடிந்தது என்றே சொல்லலாம். மே மாத வேலூரில் ஏசி இல்லாத அறையில் தூசி அடைத்த விசிறியோடு ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸின் வயதை, வாங்கிய தேதியை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. இதைச் சோதிக்க நம்பகமான வழி, நல்லதென்று தெரிந்த இன்னொன்றைப் பொருத்திப் பார்ப்பதுதான்.

பிராசஸர் கெடவே கெடாது என்பது கடைத்தெரு நம்பிக்கை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் கணினிகளின் தகவல்களை அலசி 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. எட்டு மாதத்தில் மொத்தம் 30 நாள் பிராசஸர் நேரமாவது ஓடிய கணினிகளில், பிராசஸர் சார்ந்த பழுதால் நொடித்துப்போகும் வாய்ப்பு 190-இல் ஒன்று. ஒருமுறை நொடித்தது மறுபடி நொடிக்கும் வாய்ப்போ ஏறத்தாழ மூன்றில் ஒன்று.

அண்மைய உதாரணம் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள். விலையுயர்ந்த ஐ9 சிப் வாங்கியவர்கள் விளையாட்டுகளைத் தொடங்கும்போது ‘கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை’ என்ற செய்தி வந்து விளையாட்டு மூடிக்கொண்டது. இயல்பாகவே எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள். சிலர் மாற்றியும் பார்த்தார்கள். நடந்தது வேறு. விளையாட்டுக் கோப்புகள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றை விரிக்கும் வேலை பிராசஸரின் எல்லாக் கோர்களையும் முழுமூச்சில் ஓடவைக்கும். ஒரு பிட் தவறினாலும் விரிப்பு தோற்கும். பிழையைக் கண்டுபிடித்த நிரல், தனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. 2024 ஜூலையில் இன்டெல் விளக்கம் தந்தது: பிராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோட் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து, கோருக்குள் கடிகாரத் துடிப்பைப் பரப்பும் சுற்றை நாளடைவில் மூப்படையச் செய்தன. ஆகஸ்டில் திருத்திய மைக்ரோகோட் வந்தது. உத்தரவாதம் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. பயாஸைப் புதுப்பித்தால் நல்ல சிப் காப்பாற்றப்படும். ஏற்கெனவே மூப்படைந்த சிப் குணமாகாது, மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த வகைப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்தாயிற்றா என்று இன்றே பாருங்கள்.

சந்தேகம் எங்கே என்று ஓரளவு தெரிந்த பிறகு வருவது சோதனை. அதில்தான் நம்மில் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் உறையும் கணினி என்று வைத்துக்கொள்வோம். ரேமை மாற்றினோம். மூன்று நாள் உறையவில்லை. சரியாகிவிட்டது என்று மகிழ்கிறோம். ஆனால் ரேமை மாற்றாமலே விட்டிருந்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தால் மூன்று நாள் உறையாமல் போக 37 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. தற்செயல் நிகழ்வுகளுக்கான பாய்சான் கணக்கு தரும் எண் அது. ஆறு நாள் அமைதி என்றால் வாய்ப்பு 14 விழுக்காடு. ஒன்பது நாள் என்றால் 5 விழுக்காடு. அதாவது சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காலம் அமைதியாக ஓடினால்தான் ஓரளவு நம்பலாம். மாதம் ஒருமுறை உறையும் கணினிக்கு மூன்று மாதம். பலருக்குப் பொறுமை இருக்காது. ஆகவே குறிப்பேட்டில் தெரிந்த சூழலை வேண்டுமென்றே உண்டாக்கி இடைவெளியைச் சுருக்க வேண்டும். விளையாட்டில்தான் உறைகிறது என்றால் நாள் முழுக்க அதையே ஓடவிடலாம். சும்மா இருக்கும்போது உறைகிறது என்றால் ராத்திரி முழுக்கச் சும்மா விடலாம். அதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்துவிடுங்கள். ஒவ்வொரு உறைதலும் கோப்புகளுக்கு ஆபத்து.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைப்பிடிப்பது கடினம். ரேமை மாற்றப் பெட்டியைத் திறந்தவர் கூடவே தூசியை ஊதுகிறார், கேபிளை அழுத்திவிடுகிறார், விசிறியைத் துடைக்கிறார். கோளாறு போனால் எதனால் போனது? இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் செய்பவர்கள் மிகக் குறைவு. புதியதைப் போட்டுச் சரியானதும், பழையதையே திரும்ப மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். மறுபடி உறைந்தால் குற்றவாளி அதுதான். உறையவில்லை என்றால் ரேம் நிரபராதி. தளர்ந்த இணைப்போ தூசியோ காரணம், நீங்கள் ரேமுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கெட்டதைத் திரும்ப மாட்ட மனம் வராதுதான். ஆனாலும் அந்த ஒரு படி இல்லாமல் செய்வது ஊகம் மட்டுமே. இரண்டு ரேம்கள் இருந்தால் இன்னும் எளிது: ஒன்றை மட்டும் வைத்து ஓட்டி, பிறகு மற்றதை வைத்து ஓட்டி, பிறகு இடத்தையும் மாற்றிப் பார்த்தால் பழுது ரேமிலா, மதர்போர்டின் ஸ்லாட்டிலா என்பதும் தெரிந்துவிடும்.

பழுதான பாகம் கையில் கிடைத்தபின் உத்தரவாதத்தைப் பாருங்கள். பல பிராண்டு ரேம்களுக்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. கவுன்ட்டரில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் சார் இருக்கு’ என்று திருப்பித் தந்துவிடக் கூடும். எனவே ரேமை மட்டும் கொடுக்காதீர்கள். மெம்டெஸ்ட் பிழை காட்டிய திரையின் புகைப்படம், எந்த ஸ்லாட்டில் இருந்தது, எக்ஸ்எம்பி அணைத்திருந்ததா, எத்தனை மணி நேரம் கழித்து முதல் பிழை வந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். அங்கே சோதிப்பவரும் அவ்வளவு நேரம் ஓட்டினால்தான் உங்களுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும்.